பெல்ஜியத்தைப் பிறப்பிடமாகக் கொண்டவர்

ஈரக் கம்பளமும் போட்டோகாப்பித் தாளும் சேர்ந்தால் ஒரு மணம் வரும். தொண்ணூறுகளின் நடுவில், நியூசிலாந்தின் ஆக்லாந்தில், மவுண்ட் ஆல்பர்ட்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த பழைய மரவீட்டின் மணம் அது...

தமிழ்ச் சங்கத்தின் மாதமடலுக்கு நான் ஆசிரியர். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்ததுதான் தகுதி.

என்னோடு அந்த வீட்டில் இருந்தவர் ஞானம் அண்ணை. மங்கரேயில், விமானச் சரக்குக் கொட்டகையில் பெட்டி ஏற்றும் வேலை. அதற்கு முன் பிரசல்ஸில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டு, முடிவு வரும்வரை ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார். முடிவு வந்தது. இல்லை என்று.

அங்கிருந்து அவர் கொண்டுவந்தது ஒரு கசெற்றும், அதில் பாடியவர்மேல் தீராத பற்றும்.

அந்தப் பாடகரின் பெயரை நான் எப்படிச் சொன்னாலும் அண்ணை திருத்துவார். ஆகவே விடுகிறேன். அப்பாவின் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் உட்கார மறுத்து, பாட்டு எழுதிப் பாடப் போன பெல்ஜியக்காரர். மேடையில் வேர்த்து ஒழுகப் பாடுவாராம். புகழின் உச்சியில், நாற்பது வயதுக்கு முன்னரே, போதும் என்று மேடையை விட்டார். படங்களில் நடித்தார். விமானம் ஓட்டப் பழகினார். கடைசியில் பசிபிக்கில் ஒரு தீவில் குடியேறி, பக்கத்துத் தீவுகளுக்குத் தபாலும் நோயாளிகளும் ஏற்றிப் பறந்தார். அங்கேயே அடக்கம்.

"இதே கடல்தான்ரா," என்பார் அண்ணை, மங்கரே சேற்றுக் கரையைக் காட்டி.

ஆக்லாந்தில் அவருக்கு இருந்தது ஒரே ஆசை. இந்த மனிதரைப் பற்றி எங்கள் சனம் ஒருதரம் இருந்து கேட்க வேண்டும். சனமோ வீடு மாறும்போது ஃபிரிட்ஜ் தூக்க மட்டும் அவரைக் கூப்பிட்டது.

பன்னிரண்டு பக்கக் கட்டுரை எழுதினார். சங்கத் தலைவர் இரண்டு தரம் திருப்பிக் கொடுத்தார்.

"ஞானம், உம்மட ஆள் தமிழனோ?"

"இல்லை."

"சைவமோ, கிறிஸ்தவ வேதமோ?"

"ரெண்டிலயும் பெரிசாப் பிடிப்பில்லை."

"அப்ப எந்தப் பக்கத்தில போடுறது?"

நியாயமான கேள்வி. எப்சம் பள்ளிக்கூடத்தில் பிள்ளை சேர்க்கும் எல்லை, விசா விதிகள், பூசை நேரம், மரண அறிவித்தல்... மடலில் இருந்த பக்கங்கள் இவ்வளவுதான். மரண அறிவித்தலை மட்டும் குழு வாசித்துப் பார்ப்பதில்லை. அதை அண்ணையிடம் நான் பகிடியாகத்தான் சொன்னேன்.

அடுத்த ஞாயிறு ஒரு தாளை நீட்டினார். 'பெல்ஜியத்தைப் பிறப்பிடமாகவும், பாரிசை வதிவிடமாகவும், பசிபிக் தீவை இறுதி உறைவிடமாகவும் கொண்ட பாடகரும் நடிகரும் விமானியும், மூன்று பெண்பிள்ளைகளின் அன்புத் தந்தையுமான...' கீழே, தகவல்: ஞானம். எங்கள் விலாசம்.

ஒவ்வொரு சொல்லும் உண்மை. இறந்த ஆண்டு மட்டும் அதில் இல்லை. போட்டுவிட்டேன். பெயர் கத்தோலிக்கப் பெயராக இருந்ததால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றை மறந்துபோனோம். எங்கள் சனம் கலியாணத்துக்கு அழைத்தால்தான் வரும். செத்தவீட்டுக்கு அழைக்காமலே வரும்.

சனிக்கிழமை மத்தியானம் முதலில் வந்தவர் ரீட்டா அக்கா. மன்னார்க்காரி, முதியோர் இல்லத்தில் வேலை. செத்தவீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று பிட்டும் சொதியும் சட்டியோடு கொண்டுவந்தார். பின்னால் வெள்ளைச் சேர்ட்டில் தலைவர். அவருக்குப் பின்னால் இன்னும் சனம்... வராந்தா முழுக்கச் செருப்பு.

அக்கா அண்ணையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்ன வருத்தம், தம்பி?"

"நுரையீரல், அக்கா. சரியான சிகரெட்."

"மூண்டும் பொம்பிளைப் பிள்ளையள்... ஒண்டையாவது கட்டிக்குடுத்தவரோ?"

அண்ணை என்னைப் பார்த்தார். அந்தத் தகவல் பன்னிரண்டு பக்கத்திலும் இல்லை.

"எப்ப நடந்தது?" என்றார் தலைவர்.

போன கிழமை என்று சொல்லிவிட்டால் பிரச்சினை முடிந்தது. பொய் சொல்லுங்கோ என்று மனதுக்குள் மன்றாடினேன். உண்மையைச் சொன்னால் இந்த ஊரில் ஃபிரிட்ஜ் தூக்கக்கூட அவரைக் கூப்பிட மாட்டார்கள்.

"எழுபத்தெட்டில," என்றார் அண்ணை.

யாரோ இருமினார்கள்.

"நான் ஓவர்டைமை விட்டிட்டு வந்தனான்!" தலைவரின் குரல் உயர்ந்தது. "சொந்தமெண்டாலும் சொந்தமோ?"

"இல்லை. அங்க என்ர கேஸ் றிஜெக்ட் ஆன நேரம் இந்தாள்ற பாட்டுத்தான் துணை. ஆரிட்டயாவது சொல்லவேணும் போல இருந்தது..."

ரீட்டா அக்கா விரல்விட்டு எண்ணினார்.

"அப்ப பதினேழு வருசமா உம்மட்ட துக்கம் கேக்க ஒருத்தரும் வரேல்லையோ?"

"இல்லை அக்கா."

"சரி, வந்திட்டம். பாட்டைப் போடும். தலைவர், நீங்கள் இருங்கோ. பிட்டு ஆறுது."

கசெற் ஓடியது. பிரெஞ்சு ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் செத்தவீட்டில் கதைக்கிற பழக்கமில்லை, எழும்பிப் போகிற பழக்கமுமில்லை. எங்கள் கலைவிழாவில் தமிழ்ப் பாட்டுக்கே கிடைக்காத அமைதி...

"கத்துறார்," என்றார் அக்கா. "ஆனா பொய்யாக் கத்தேல்லை."

தலைவர் மெல்லக் கேட்டார், "இவ்வளவு பாடின மனுசன் ஏன் மேடையை விட்டவர்?"

அண்ணை சொல்லத் தொடங்கினார். பன்னிரண்டு பக்கமும் சொன்னார். ஒருவரும் எழும்பவில்லை.

அடுத்த கூட்டத்தில், மரண அறிவித்தலோடு மரணச் சான்றிதழும் இணைக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேறியது. எங்கள் சங்கத்தில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட ஒரே தீர்மானம் அதுதான்.

இப்போது மடல் இல்லை. வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. சாவுச் செய்தி வரும், கூப்பிய கைகள் வரிசையாக வரும், கீழே யாரோ அறை வாடகைக்கு என்பார்கள். நானும் கை கூப்புகிறேன். ஒரு விரல் போதும்.

போன குளிர்காலம் ரீட்டா அக்காவின் சாவுச் செய்தி வந்தது. வெலிங்டனில் இருக்கும் ஞானம் அண்ணை செத்தவீட்டுக்கு எட்டு மணித்தியாலம் கார் ஓடி வந்திருக்கிறார். எனக்கு இருபது நிமிடத் தூரம். வேலை. லைவ்ஸ்ட்ரீமில் பார்த்தேன், மீட்டிங் நடந்துகொண்டிருந்ததால் சத்தத்தை நிறுத்திவிட்டு.

பின்னேரம் போன் எடுத்தேன்.

"சனம் வந்ததோ, அண்ணை?"



"வந்த சனம் வந்தது," என்றார். "நீ வரேல்லை."