பெயர் வாசித்தபோது கிழக்குப் படி எழுந்தது

கடைசல் பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற அந்த மனிதரை மைதானத்தில் கம்பி என்று சொன்னால்தான் தெரியும். ஆட்டம் பார்க்கக் கட்டிய கிழக்குப் படியின் மேல் வரிசையில் ஓர் இரும்புக் கைப்பிடி இருக்கிறது. சிறு வயதில் சித்தப்பா அவரைத் தோளிலிருந்து இறக்கி, "இதப் பிடிச்சுக்க, விட்டா கூட்டத்துல காணாமப் போயிடுவ" என்று நிறுத்திய இடம் அது. அன்று பிடித்தவர் பிறகு விடவில்லை. இடது கைச் சுண்டுவிரலின் நுனியை இயந்திரம் கொண்டுபோன வாரத்தில்கூட, கட்டுப் போட்ட கையோடு வந்து வலது கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாரத்துல ஆறு நாளைக்குத்தான் இவரு எனக்குப் புருஷன்," என்பாள் அவர் மனைவி. "சனிக்கிழமைக்கு வேற ஒருத்தி இருக்கா. அவளுக்கு இருபத்திரண்டு கால்."

கிழக்குப் படிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஆட்டம் தொடங்கும் முன் ஒலிபெருக்கியில் கிளப்பின் முழுப் பெயர் வாசிக்கப்படும். மூடிப்போன ஆலையின் பெயரில் தொடங்கிக் கால்பந்துக் கழகம் என்று முடியும் நீளமான பெயர். அதன் முதல் சொல் காதில் விழுந்ததும் எழுந்துவிட வேண்டும். பந்து உருளும்வரை உட்காரக் கூடாது. யார் வைத்த சட்டம் என்று யாருக்கும் தெரியாது. பந்தயத்துக்குப் பந்தயம் தோற்ற வருஷத்திலும் எழுந்தார்கள். மழையில் படியெல்லாம் ஒழுகியபோது குடைக்குள்ளிருந்து எழுந்தார்கள். ஆலைப் பேருந்தை ஓட்டிய ஓட்டுநருக்கு முட்டியில் அறுவை சிகிச்சை நடந்த பிறகும், இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க அவரும் எழுந்தார்.

அந்தக் கிளப்பைக் கலைத்து, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் கிளப்போடு சேர்த்துவிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் வந்தது. பெயர் போகும், நிறம் போகும், மைதானத்தை விற்றுவிடுவார்கள். தீர்மானத்தை எழுதியவர் கிளப்பின் செயலாளர். அவர் கம்பியின் மருமகன்.

தீர்மானத்தை ஓட்டுக்கு விடும் கூட்டத்துக்கு முந்தின இரவு மகள் வீட்டில் சாப்பாடு. மருமகன் தட்டைப் பார்த்தபடியே பேசினான்.

"மாமா, போன மாசம் ஒரு மேட்ச்சுக்குப் பதினொரு பேர் சேரல. கோல்கீப்பருக்கு ஜுரம்னு சமையக்காரரக் கூட்டிட்டு வந்து நிக்க வச்சோம். பேர மட்டும் வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"சமையக்காரர் ரெண்டு பந்தத் தடுத்தாரே."

"நாலு உள்ள போச்சு."

"அப்பா, கோபப்படாம கேளுங்க," என்றாள் மகள்.

"கோபமா, எனக்கா? சோத்தப் போடும்மா," என்றார் கம்பி. அன்று அவர் சாப்பிட்டதாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

மறுநாள் காலை, ஆலையின் பழைய உணவுக்கூடத்தில் உறுப்பினர்கள் கூடினார்கள். கடைசி இரண்டு வரிசைகளைக் கிழக்குப் படிக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். கம்பிக்கு வலப்பக்கம் தையல்காரர். இருவரும் அரை டிக்கெட் காலத்து நண்பர்கள். வெளியூர் ஆட்டத்துக்கு மீன் வண்டியில் ஏறிப் போய், நாற்றம் தாங்காமல் அக்கம்பக்கத்தார் நகர்ந்து உட்கார, வசதியாகக் காலை நீட்டி ஆட்டம் பார்த்தவர்கள்.

"பயமா இருக்குடா," என்றார் கம்பி.

"எதுக்கு? மூணுல ரெண்டு பங்கு வேணும் அவங்களுக்கு. நம்ம ரெண்டு வரிசையும் அசையாம உட்கார்ந்தாப் போதும். உட்கார்றதுக்குக்கூடவா உனக்குச் சொல்லித் தரணும்?"

போன வருஷம் கையைத் தூக்கச் சொன்னபோது சிலர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார்கள் என்று பெரிய தகராறு. அதனால் இந்த முறை, சம்மதிப்பவர்கள் எழுந்து நிற்க வேண்டும், மறுப்பவர்கள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தலைவர் அறிவித்தார். தலைவருக்குக் கிளப்பைச் சேர்த்துவிடுவதில்தான் விருப்பம். அதை அவர் மறைக்கவும் இல்லை.

மருமகன் தீர்மானத்தை வாசித்தான். முன் வரிசைகளில் பலர் எழுந்தார்கள். கம்பி கண்ணாலேயே எண்ணினார். போதாது. நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது.

"கலைக்கப்படும் கிளப்பின் முழுப் பெயரையும் வாசிக்கணும். விதியில இருக்கு," என்றார் தலைவர்.

மருமகன் ஒலிவாங்கியை வாயருகே இழுத்தான். ஆலையின் பெயர் கூடத்தில் முழங்கியது. கடைசி இரண்டு வரிசைகளிலும் நாற்காலிகள் பின்னுக்குத் தேய்ந்தன. ஓட்டுநர் இருபுறமும் தோள்களைப் பிடித்து எழுந்தார். தையல்காரர் எழுந்தார். கம்பியும் எழுந்து, முன்னால் இருந்த நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் தலைவரின் முகத்தில் சிரிப்பு விரிவதைப் பார்த்தார். மருமகன் முகத்தில் சிரிப்பு இல்லை. பேயறைந்தவன் மாதிரி இருந்தான். அவன் பழக்கத்தை மறந்தே போயிருந்தான் என்பது கம்பிக்குத் தெரிந்தது. ஆனால் தலைவர் முந்திக்கொண்டார்.

"சம்மதம்னா நிக்கணும்னு சொல்லியாச்சு. நின்னவங்க நின்னவங்கதான். முன் வரிசையிலேருந்து எண்ணுங்க."

எண்ணிக்கை தொடங்கியது. மருமகனின் விரல் ஒவ்வொரு தலையாக நகர்ந்து வந்தது.

"டேய், உட்காரு," என்றார் கம்பி, தையல்காரரின் சட்டையை இழுத்து.

"பேர் சொல்லியிருக்காங்க."

"ஓட்டு எண்றாங்கடா. நாம நின்னா கிளப்பு காலி."

"தெரியுது. எனக்கென்ன காது கேக்கலையா?" தையல்காரர் திரும்பவே இல்லை. "பேர் சொன்னதுக்கப்புறம் நான் உட்கார மாட்டேன். போறதா இருந்தா மரியாதையாப் போகட்டும்."

விரல் நடு வரிசையைத் தாண்டியது. கம்பியின் முழங்கால் வளைய மறுத்தது. வழக்கமான மூட்டுவலியால் அல்ல. ஓர் ஆட்டத்தின்போது அவருக்கு வாந்தியும் மயக்கமுமாக வந்தது. அப்போதும் அந்தக் கைப்பிடியில் தொங்கியபடி நின்றிருக்கிறார். சித்தப்பா இறந்த வாரத்தில் அழுதுகொண்டே நின்றிருக்கிறார். பெயர் ஒலித்த பிறகு உட்காருகிறவனை அந்தப் படியில் யாரும் மனிதனாக மதித்ததில்லை. அவரும் மதித்ததில்லை. ஒருமுறை ஒருவன் உட்கார்ந்தபோது, அவன் பக்கத்தில் இனிமேல் நிற்க மாட்டேன் என்று சொன்னவரே அவர்தான்.

விரல் அவர்களுக்கு முந்தின வரிசைக்கு வந்தது.

கம்பி உட்கார்ந்தார்.

பிளாஸ்டிக் நாற்காலி கிறீச்சிட்டது. இரண்டு வரிசையும் திரும்பிப் பார்த்தது.

"யாரு, கம்பியா?" என்றார் ஓட்டுநர், நம்ப முடியாமல். "எந்திரிய்யா. மானத்த வாங்காத."

"உட்காருங்க," என்றார் கம்பி. "பேருக்கு மரியாதை பண்றோம்னு பேரையே குழியில போட்டு மூடப் போறீங்களா? அப்புறம் எதுக்கு எந்திரிப்பீங்க? அக்கரைக்காரன் பேருக்கா?"

யாரும் அசையவில்லை. மருமகன் விரலை உயர்த்தியபடியே நின்றான். அடுத்த தலைக்கு அது போகவில்லை.

"எண்ணுய்யா," என்றார் தலைவர்.

"எண்றேன் சார்," என்றான் அவன். எண்ணவில்லை.

ஓட்டுநர் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு தன்னைத் தாங்கியிருந்த இருவரையும் இழுத்துக்கொண்டு பொத்தென்று உட்கார்ந்தார். அதன் பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள், யாரும் யார் முகத்தையும் பார்க்காமல். தையல்காரர் மட்டும் நின்றார். கைகள் விறைத்திருந்தன. மருமகனின் விரல் கடைசியாக அவரிடம் வந்து, அவரைச் சம்மதத்தில் சேர்த்துக்கொண்டது.

தீர்மானம் தோற்றது. யாரும் கைதட்டவில்லை. தலைவர் தாள்களைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார்.

வாசலில் தையல்காரர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். கம்பி அவருடைய செருப்பைக் காலால் நகர்த்திக் கொடுத்தார்.

"உட்கார்ந்துட்டியேடா," என்றார் தையல்காரர்.

"ஆமா."

"உங்க சித்தப்பா இருந்திருந்தா?"

"அடி பின்னியிருப்பாரு."

தையல்காரர் செருப்பை மாட்டிக்கொண்டார். மருமகன் பின்னாலேயே வந்தான். சட்டை முதுகில் வியர்வை படர்ந்திருந்தது.

"மாமா, நீங்க ஜெயிச்சிட்டீங்க. சந்தோஷம். ஆனா மைதானத்துல கோடு போடறவரு நேத்தே அக்கரை கிளப்புல சேந்துட்டாரு. சனிக்கிழமை ஆட்டம். நான் என்ன பண்ணட்டும்? சொல்லுங்க."

"சுண்ணாம்பு இருக்கா?"

"அறையில இருக்கு."

"சாவியக் குடு."

மருமகன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். வலிக்கிற அந்த முழங்காலோடு அவர் மைதானத்தைச் சுற்றிக் குனிந்து நடப்பதை அவன் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். சாவிக்கொத்திலிருந்து ஒன்றைக் கழற்றித் தந்தான்.

"கோணலாப் போட்டுத் தொலைக்காத," என்றார் தையல்காரர். அவர் தெருப் பக்கம் திரும்பி நடந்தார். கூடவே போகலாமா என்று கம்பி ஒரு கணம் நின்றார். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனார்.