கெமிஸ்ட்ரி லேபில் வெட்டிய காப்பு

படிவம் நான்கில், அதாவது பத்தாம் வகுப்பில், கெமிஸ்ட்ரி எடுத்தால் என்னவெல்லாம் எதிர்பார்க்கலாம் என்று அக்கா மகள் கேட்டாள். அடி, உதை, கடி என்றேன். சிரித்தாள். நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. மோல் கணக்கை யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். இதைச் சொல்ல மாட்டார்கள்.

லேபுக்குள் போகுமுன் வளையல், கயிறு எதுவானாலும் கழற்ற வேண்டும். அவள் வயதில் நான் கழற்றவில்லை. அது தைப்பூசக் காப்பு. இதய அறுவைக்காக அப்பா மருத்துவமனையில் படுத்திருந்தார். அவருக்காகப் பால்குடம் எடுப்பதாக வேண்டிக் கட்டிய மஞ்சள் கயிறு. வேண்டுதல் முடியுமுன் கழற்றினால் அப்பா போய்விடுவார் என்று முழுசாக நம்பினேன். கோட்டுக் கைக்குள் மறைத்துக்கொண்டேன்.

சோடியம் ஹைட்ராக்சைடை ஊற்றும்போது புட்டி வழுக்கி, மணிக்கட்டெல்லாம் கொட்டியது. மஞ்சள் பூசிய கயிறு காரம் பட்டு ரத்தச் சிவப்பானது. டீச்சர் ஓடிவந்து என் கையைக் குழாயடியில் அழுத்தினார். ஒல்லியான சீனப் பெண்மணி, பிடி மட்டும் இரும்பு. கயிறு காரத்தைக் குடித்து வைத்திருக்கிறது, தோலைத் தின்றுகொண்டே இருக்கும், வெட்டியாக வேண்டும் என்று கத்தரிக்கோலை எடுத்தார். அவர் கையைக் கடித்தேன். நன்றாகவே கடித்தேன். நான் உதைத்த முக்காலி மேசையில் மோதி, குடுவைகள் உருண்டு விழுந்து நொறுங்கின. பின்னாலிருந்து என்னைக் கட்டிப்பிடித்த வகுப்புத் தோழியின் மூக்கை என் முழங்கை பதம் பார்த்தது. கடைசியில் டீச்சர் கத்தரியைக் கீழே வைத்தார். என் கையைத் தண்ணீரிலிருந்து எடுக்க விடாமலே, அம்மாவுக்குப் போன் போடச் சொன்னார்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலிருந்து அம்மா வேலைச் சீருடையோடு மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தாள். காப்பைக் கட்டிவிட்டதே அவள்தான். எனக்காகச் சண்டை போடுவாள் என்று தெம்பாக நின்றேன். வந்த வேகத்தில் கன்னத்தில் ஒன்று விட்டாள். காது அடைத்துக்கொண்டது. கயிற்றை வெட்டினால் அப்பா செத்துப்போவார் என்று கத்தினேன். இன்னொன்று விழுந்தது.

"அப்பாவுக்கு நான் வேற கயிறு கட்டிக்குவேன்லா. உனக்கு வேற கைக்கு நான் எங்க போவேன்?"

சொல்லிவிட்டுக் கத்தரியை எடுத்து வெட்டினாள். கயிற்றோடு தோலும் உரிந்து வந்தது. நான் அலறிய அலறலில் பக்கத்து வகுப்பே வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா என் கையை மறுபடி தண்ணீரில் பிடித்துக்கொண்டாள். அடுத்த வாரம் அப்பாவை அறுவைக்குத் தள்ளிக்கொண்டு போனபோதுகூட அழாதவள், அன்று அந்தக் குழாயடியில் எல்லார் முன்னாலும் விம்மி விம்மி அழுதாள்.