நடுமூளையில் குத்திய கொடி

சார், நீங்கள் வாழ்நாளில் ஒரு மீன் மண்டையைக்கூடத் திறந்து பார்த்ததில்லை. பார்க்காமலேயே என்னை ஃபெயிலாக்கினீர்கள்.

பெரம்பலூர் கல்லூரியில் உங்களிடம் விலங்கியல் கடைசி வருடம். செய்முறைத் தேர்வில் ஜிலேபி மீனின் மூளையைத் திறந்து, பாகங்களின் பெயரெழுதிய காகிதக் கொடிகளைக் குண்டூசியால் குத்திக் காட்ட வேண்டும். திருமானூரில் என் அம்மா மீன் விற்கிறவர். எத்தனை தலை வெட்டியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மண்டையோட்டைச் சில்லு சில்லாகப் பெயர்த்தேன். முன்னால் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு ஜோடி, அது பெருமூளை. அதன் பின்னால் மிளகு போல இரண்டு உருண்டைகள். பார்வைக் கதுப்புகள், அதாவது நடுமூளை. அதற்கும் பின்னால் சிறுமூளை. கடைசியில் தண்டுவடத்தோடு சேருகிற முகுளம். நான்கு கொடிகளையும் குத்திவிட்டு நிமிர்ந்தேன்.

நீங்கள் வந்ததும் மிளகு உருண்டையில் இருந்த கொடியைப் பிடுங்கினீர்கள்.

“மனுஷ மண்டையில எதும்மா பெருசு? பெருமூளை. மீனு மட்டும் மாத்தி வச்சுக்கிட்டா பொறந்துச்சு?”

“கண் நரம்பு இதுலதாங்க சார் போய்ச் சேருது. வலது கண்ண இழுத்தா இடது உருண்டை அசையுது, பாருங்க.”

நீங்கள் குனியவே இல்லை. “மீன் கழுவுற புத்தியெல்லாம் மீன் கடையோட நிக்கட்டும்” என்றீர்கள். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் டீயைக் குடித்துக்கொண்டே தலையாட்டினார். அவரும் குனியவில்லை. பூஜ்யம் போட்டீர்கள்.

ஒரு வருடம் போனது. மேற்படிப்புக்குக் கிடைத்திருந்த இடமும் போனது. அடுத்த முறை அதே மேசை, அதே ஜிலேபி. மிளகு உருண்டையில் பெருமூளை என்று நானே பொய்க் கொடி குத்தினேன். பாஸ். “இப்பதான் புத்தி வந்திருக்கு” என்று பாராட்டினீர்கள். அதன்பிறகு அம்மாவுக்கு மீன் தலை வெட்டிக் கொடுக்கும்போதெல்லாம் அந்த உருண்டைகளைப் பார்க்கவே எனக்குக் கூசியது. உங்களுக்கு ஒரு நாளாவது கூசியதா?

நேற்று அரியலூரில் பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் போனேன். மீன், தவளை, கோழி, மனிதன் என்று வரிசையாக மூளைப் படம். கீழே உங்கள் பெயர், பட்டத்தோடு. மீன் படத்தில் அம்புக்குறி அதே உருண்டைக்குப் போகிறது, பெருமூளை என்று. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து அதைப் பார்த்து நோட்டில் வரைகிறார்கள். சிறப்பு விருந்தினர் பேட்ஜோடு நின்ற உங்களிடம் படம் தப்பு என்று சொன்னேன். “விழா நேரத்துல எதுக்கும்மா இதெல்லாம்” என்று சால்வையைச் சரிசெய்துகொண்டீர்கள்.

கண்காட்சி இன்னும் ஒரு நாள் இருக்கிறது. மீனை நான் கொண்டுவருகிறேன். மண்டையையும் நானே திறக்கிறேன். கண்ணை நீங்கள் இழுங்கள். இந்த முறையாவது குனிந்து பாருங்கள். எந்த உருண்டை அசைகிறது என்று அந்தப் பிள்ளைகள் முன்னால் மைக்கில் சொல்லுங்கள். அந்தப் பூஜ்யம் யாருக்குரியது என்பதையும் அதே மைக்கில் சொல்லுங்கள்.