தென்பக்கத்துப் புளியமரங்கள்

எண்பதுகளின் கடைசியில் பூந்தமல்லி பக்கம் சாலை ஆய்வாளராக இருந்தேன். சென்னீர்குப்பம் அருகே சாலையை அகலப்படுத்த வடபக்கத்துப் புளியமரங்களை வெட்ட உத்தரவு வந்தது. தென்பக்கத்து மரங்களைத் தொடக் கூடாது. வடபக்கத்தில் ஒன்று முதல் முப்பத்திரண்டு வரை வெள்ளை பெயிண்டில் நானே நம்பர் போட்டேன். மிச்ச பெயிண்டைச் சைக்கிளில் தூக்கிப்போகச் சோம்பல். டப்பாவைக் காண்ட்ராக்டரின் ஆளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் காலை, தென்பக்கத்து மரத்தடியில் இட்லிக் கடை போட்டிருந்த வள்ளியம்மா என் சைக்கிளை மறித்தார்.

“இன்னா சார், இந்தப் பக்கமும் நம்பர் போட்டுக்கினு பூட்டீங்க? ரெண்டு மரத்த சாய்ச்சிட்டானுங்க. நான் கடைய எங்க போடுறது?”

“நான் போடலையேம்மா.”

போய்ப் பார்த்தேன். முப்பத்து மூன்று முதல் முப்பத்தொன்பது வரை நம்பர் இருந்தது. முதல் இரண்டு மரங்கள் தரையில் கிடந்தன. மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற மரங்கள். மூன்றாவதற்கு ரம்பம் எடுத்து வந்தார்கள். அதன் அடியில் உட்கார்ந்தேன். வேறு எதுவும் தோன்றவில்லை.

காண்ட்ராக்டர் வந்தான். “அண்ணாத்தே, எழுந்திரு. நம்பர் கீது, வெட்றோம். நீதான போட்ட?”

“முப்பத்தேழைப் போய்ப் பாரு. நான் ஏழு எழுதினா நடுவுல ஒரு கோடு இருக்கும். அதுல இல்ல.”

“பெயிண்ட்டு உன் ஆபீஸ் பெயிண்ட்டுதான?”

நான் கொடுத்த டப்பாதான்; கூடுதல் மரங்களை வெட்டி விற்க அதைப் பயன்படுத்தியிருந்தான். வள்ளியம்மாவின் கணவர் சைக்கிளில் போய்ச் சொல்ல, உதவிப் பொறியாளர் ஜீப்பில் வந்தார். எல்லாவற்றையும் கேட்டார்.

“எழுதிக் குடுங்க, இப்பவே வேலைய நிறுத்தறேன். பெயிண்ட் எப்படி அவன் கைக்குப் போச்சுன்னும் எழுதணும். உங்களுக்கு மெமோ வரும், தெரியும்ல?”

தெரியும். ஜீப் பானட்டில் காகிதத்தை வைத்து எழுதினேன். டப்பாவைக் கொடுத்ததையும் விடவில்லை.

வேலை நின்றது. ஐந்து மரங்கள் தப்பின. காண்ட்ராக்டரை மாற்றினார்கள். எனக்கு மெமோ வந்தது. வள்ளியம்மா கடையை மூன்றாவது மரத்தடிக்கு மாற்றிக்கொண்டார். நன்றி ஏதும் சொல்லவில்லை. “அந்த ரெண்டு மரத்துக்கு இன்னா சார் பண்ணப் போறீங்க?” என்று மட்டும் கேட்டார். 

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். வெட்ட வேண்டிய மரங்களுக்கு எல்லோரும் பட்டியல் போடுவோம். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு, வெட்டாமல் விட வேண்டிய மரங்களுக்கும் சுற்றளவோடு ஒரு பட்டியல் போட்டு வைத்தேன். அதை எந்த மேலதிகாரியும் கேட்டதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால், ஒரு மரம் காணாமல் போனதே நமக்குத் தெரியாது.