மாடிக்குப் போன பல்லுக்கட்டைகள்

நெகிழிக் கட்டைகள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கட்டைவிரலால் அழுத்தினால் 'டக்' என்று ஓர் ஒலி எழும். கீழ்க்கட்டையின் குமிழ்களை மேற்கட்டையின் குழிகள் பற்றிக்கொண்டன என்பதற்கு அவ்வொலியே சான்று. அது எழாவிடில் கட்டியது எதுவும் நிற்காது. தேனிக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில், எழுபதுகளின் இறுதியில், அந்த ஒலியை முதன்முதலில் எழுப்பியவள் என் அக்கா பத்மா. குமிழ்களைப் பற்களாகக் கண்டு 'பல்லுக்கட்டை' என்று பெயரிட்டவளும் அவளே.

அவற்றைக் கொண்டுவந்தவர் உத்தமபாளையத்துக் கரீம் மாமா. அப்பாவின் பள்ளித்தோழரான அவர், வளைகுடா நாட்டிலிருந்து விடுப்பில் வரும்போதெல்லாம் அத்தர்ப் புட்டியும் பேரீச்சம்பழமும் தருவார். அவ்வாண்டு சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளும் சில சக்கரங்களும் நிறைந்த பெட்டியொன்றைத் தந்தார். அதில் மோட்டார் இல்லை. பம்புசெட் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றித் தரும் அப்பாவின் கடையில், பழுதான டேப் ரெக்கார்டரிலிருந்து கழற்றிய சின்னஞ்சிறு மோட்டார் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. "பெரிய மோட்டாருக்கும் இதுக்கும் குணம் ஒண்ணுதான்த்தா. பாரம் கூடுனா முக்கும், பாரம் இல்லாட்டி பறக்கும். பாத்து வேலை வாங்குங்க" என்று சொல்லி, பேட்டரியோடு இணைக்க இரண்டு கம்பிகளையும் அதில் பற்றவைத்துக் கொடுத்தார். அன்று முதல் லாரி, செக்கு, கதிரடிக்கும் எந்திரம் என்று எதையாவது கட்டுவதும், ஓடாதபோது பிரித்து மாற்றுவதும் எங்கள் மாலைப்பொழுதுகளாயின. அக்கா கட்டுவாள், அவள் திரும்பிப் பாராமல் நீட்டும் உள்ளங்கையில் வேண்டிய கட்டையைச் சரியாக எடுத்து வைப்பது என் பணி.

சித்திரை பிறந்து, ஆண்டு முழுவதும் நாங்கள் காத்திருந்த வீரபாண்டித் திருவிழா நெருங்கியபோது அக்காவுக்கு அம்மை கண்டது. "ஆத்தா வந்திருக்காக. அவுக எறங்குற வரைக்கும் நீ மாடிப்படியில கால் வைக்கக் கூடாது" என்று என்னிடம் சொல்லிவிட்டு, அம்மா படிக்கட்டின் கதவில் வேப்பிலைக் கொத்தைச் செருகினாள். ராட்டினமும் ஆற்றங்கரைக் கடைகளும் அவ்வாண்டு எங்களுக்கு இல்லை என்றாயிற்று. அம்மை கண்டவர் இருக்கும் அறைக்குள் சென்ற எப்பொருளும், அம்மை இறங்கியபின் தலைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றும்வரை கீழே வரலாகாது என்பது வீட்டின் சட்டம். கட்டைகளும் மோட்டாரும் என்னிடம் இருந்தன. நீட்டிய உள்ளங்கைதான் இல்லை.

காய்ச்சல் தணிந்த ஒரு பிற்பகலில், முற்றத்தைப் பார்த்த மாடி ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது.

"ஏடி, என்னத்தக் கட்டுற?"

"வின்சு" என்றேன். கம்பம் பக்கத்து மலைச்சரிவில் பாரப் பெட்டியைக் கம்பி வடத்தால் இழுத்தேற்றும் எந்திரத்தை இருவரும் பார்த்திருந்தோம்; அதற்கு அங்கே அதுதான் பெயர். கட்டைகளால் ஒரு கோபுரம் எழுப்பி, அதன்மேல் மோட்டாரையும் நூலுருளையையும் பொருத்தியிருந்தேன். நூலை மாடி ஜன்னல் கம்பியின்மேல் எறிந்து, கீழே வந்த நுனியில் கட்டையாலான சிறு பெட்டியைக் கட்டினால், திராட்சையை அவளிடம் அனுப்பலாம் என்பது என் திட்டம்.

அம்மா அதை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுத் தீர்ப்பளித்தாள்: "கம்பிக்கு வெளிய ஓடுனா ஓடட்டும். அவ கை பட்டது எதுவும் கீழ வரப்படாது. ஆத்தா கோவிச்சுக்குவாக." ஆகவே, கம்பியில் இடித்தவுடன் தானே உட்புறம் கவிழுமாறு பெட்டியை மாற்றியமைத்தேன். முதல் முயற்சியில், பாரம் போதாமல் மோட்டார் பறந்தது. பெட்டி கம்பியில் மோதித் திராட்சைகளை முற்றத்தில் நின்ற அம்மாவின் தலைமேல் கொட்டியது. மாடியில் சிரிப்பொலி எழுந்தது. "ஏண்டி, அம்மை எனக்கா, அம்மாவுக்கா? திராட்சையெல்லாம் அங்கன போகுது!" என்றவள், சிரிப்பு அடங்கியதும், "சின்ன உருளையிலருந்து பெருசுக்கு ரப்பர் போடு. வேகம் கொறையும், வலு கூடும்" என்றாள். பவுடர் டப்பாவின் மூடியைப் பெரிய உருளையாக்கி, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தை மாட்டினேன். "ஓடுதாடி?" என்று மேலிருந்து கேட்டாள். "ஓடுது!" என்றேன். பெட்டி மெல்ல ஏறிச் சென்று, கம்பியைத் தொட்டு, தலைசாய்த்துத் திராட்சைகளை உள்ளே உதிர்த்தது.

சில நாள்களில் அவளுக்குத் திராட்சை சலித்தது. "கட்டைய அனுப்பு."

"போனா திரும்ப வராதே!"

"மூணாம் தண்ணி ஊத்துனா தன்னால வருது."

"என்ன கட்டப் போற?"

"வந்து பாரு."

முதலில் எஞ்சியிருந்த கட்டைகளை அனுப்பினேன். அவள் மேலும் கேட்கவே, கோபுரத்திலிருந்து ஒவ்வொன்றாக உருவினேன். உருவிய இடங்களில் அரிசி அளக்கும் படியும் உடைந்த செங்கல்லும் வந்து அமர்ந்தன. கட்டைப் பெட்டியையும் பிரித்து அனுப்ப நேர்ந்தபோது, அதன் இடத்தில் தேங்காய்ச் சிரட்டை ஒன்று தொங்கியது. இறுதியில் சூளைச் செங்கல்லில் சணலால் கட்டிய மோட்டாரும் நூலுமாக வின்சு குறுகிப்போனது; ஆனாலும் ஓடியது. மோட்டாரை மட்டும் அவள் கேட்கவில்லை. "அது எவ்வளவு நீளம்? விரல வச்சுச் சொல்லு" என்று கேட்டாள். என் சுண்டுவிரலில் இரண்டு கணு நீளம் என்றேன். "அகலம்?" என்றாள். அதையும் சொன்னேன். மாடியில் 'டக்', 'டக்' என்று ஒலி எழுந்துகொண்டிருந்தது. அவள் கட்டுவது இன்னதென்று அறியாமல், மூன்றாம் தண்ணீருக்காக நான் ஏங்கியதுபோல் எந்தத் திருநாளுக்காகவும் ஏங்கியதில்லை.

அந்த நாள் வந்தது. தலைக்கு ஊற்றிக்கொண்ட அக்கா மெலிந்துபோய்ப் படியிறங்கி, முற்றத்தின் மறுகோடியில் தூணில் சாய்ந்து அமர்ந்தாள். அறைப் பொருள்களைத் தூய்மையாக்க, அண்டாவில் மஞ்சளும் வேப்பிலையும் இட்ட நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா முறத்தில் ஏந்திவந்ததை நான் எட்டிப் பார்த்தேன். அது ராட்டினம், நாங்கள் காணாத திருவிழாவின் ராட்டினம். சிவப்புத் தொட்டில்களும் வெள்ளை ஆரங்களும் கொண்டு முழ உயரத்தில் நின்ற அதன் அடியில், ஒரேயொரு வெற்றிடம் விடப்பட்டிருந்தது.

"அம்மா, அதப் போடாத, விட்டுப்போயிரும்" என்றாள் அக்கா, குரலில் வலுவின்றி.

"எல்லாம் ஒருக்கா முங்கி எந்திரிக்கணும்த்தா" என்று சொல்லி, சாமி சிலையை நீராட்டுவதுபோல் அதை ஒரு துண்டில் இட்டு முனைகளை இரு கைகளாலும் பிடித்து, அம்மா கொதிநீரில் இறக்கி எடுத்தாள். தரையில் வைத்தபோது ராட்டினம் ஒரு கணம் முழுமையாகவே நின்றது. பிறகு தொட்டில்கள் ஒவ்வொன்றாக வழுக்கி விழுந்தன. நான் ஓடிப்போய் மோட்டாரை அவ்வெற்றிடத்தில் வைத்தேன். ஒரு மயிரிழையும் பிசகாமல் பொருந்தியது. கம்பிகளைப் பேட்டரியில் வைத்தேன். சூட்டில் இளகிய துளைக்குள் அச்சு மட்டும் சுழன்றது, சக்கரம் அசையவில்லை.

தூணருகிலிருந்து, "ஓடுதாடி?" என்றாள்.

"ஓடுது" என்றேன்.

கட்டைகள் உலர்ந்தபோது வெள்ளையெல்லாம் மஞ்சளாகியிருந்தது. எவ்வளவு அழுத்தினாலும் ஒன்று மற்றொன்றைப் பற்றவில்லை. "பிடிமானம் போச்சுத்தா" என்று அப்பா கைவிட்டார். அன்று மாலை அடுக்களை வாயிலில் அம்மா தனியாக அமர்ந்து, கட்டைகளை இரண்டிரண்டாக எடுத்து, அழுத்தி, செவியருகே கொண்டுசென்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வீடு இப்போது இல்லை; அவ்விடத்தில் கைப்பேசிக் கடையொன்று இருக்கிறது. அம்மாவும் அப்பாவும் இல்லை. இன்று என் வீட்டுப் பிள்ளைகள் கைப்பேசியின் ஆணைக்கு ஓடும் நெகிழிக்கட்டை வண்டிகளைக் கட்டுகிறார்கள். அவர்கள் அறையிலிருந்து அந்த 'டக்' ஒலி கேட்கும்போது நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அக்கா கடல் கடந்து வாழ்கிறாள். தொலைபேசியில் அழைத்தால், நலம் கேட்பதற்கு முன் "ஓடுதாடி?" என்பாள், என் மேசை இழுப்பறையில் இருக்கும் அந்த மோட்டாரைப் பேட்டரியில் தொட்டு, அதன் இரைச்சலைக் கேட்கச் செய்வேன். அதன் பிறகுதான் எங்கள் பேச்சு தொடங்கும்.

சென்ற சித்திரையில் அவள் அழைத்தபோது மோட்டார் சுழலவில்லை. பேட்டரியை மாற்றினேன், கம்பியைச் சுரண்டினேன், அசைவில்லை.

"ஓடுதாடி?"

"ஓடுது" என்றேன்.

இரைச்சல் எதுவும் அவளுக்குக் கேட்டிராது. ஆனாலும் அக்கா சொன்னாள்: "சரி, மெதுவா விடு. பெட்டி கம்பியில இடிச்சிரப் போகுது."