நாலாவது லைன்

அன்னைக்கு அந்த ரூம்ல இருந்தது நாங்க நாலே பேருங்க. மோட்டார் வைண்டிங் கடை வெச்சிருக்கற நான், மணியன். எங்க பேண்டுல பாடின ஜீவா. எங்க டிரம்மர் யூசுப்போட சம்சாரம் மும்தாஜ். அப்புறம் பீளமேட்டுல ரெக்கார்டிங் ஸ்டுடியோ நடத்தற கீர்த்தனா, அவங்க ரூம்தான் அது. யூசுப் இல்லை, அவன் தவறிப்போய் நாலு வருஷமாச்சு. நேரம் காலைல பதினொண்ணரை, வெளிய நல்ல வெயில், பக்கத்து பேக்கரில பன்னு வேகற வாசம். இதை ஏன் முதல்லயே சொல்றேன்னா, கேட்ட அத்தனை பேரும் ராத்திரியா, குடிச்சிருந்தியான்னுதான் கேட்டாங்க. நீங்களும் கேப்பீங்க.

எனக்குப் பேய், ஆவி இதுல எல்லாம் நம்பிக்கையே கிடையாதுங்க. பயப்படறதுக்கு வேற ஆயிரம் இருக்குது. கேஸை மூடினமா, ஷட்டரைப் பூட்டினமா, மோட்டார் சுவிட்சை அணைச்சமான்னு பாதி வழில வண்டியத் திருப்பற ஆளு நான். அதுக்கே பொழுது சரியாப் போயிடும்.

இருபத்தாறு வருஷம் முன்னாடி சூலூர்ல எங்களுக்கு ஒரு பேண்டு இருந்துச்சு. பேரு பீஸ்கட்டை. சிரிக்காதீங்க, கரண்டு வேலை பாக்கறவன் வெச்ச பேரு அப்படித்தான் இருக்கும். நான் எட்டாவதோட நின்னவன், எனக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது, ஒயரும் மிஷினும் என் பொறுப்பு. கிடாரும் பாட்டும் ஜீவா, கீபோர்டு மார்ட்டின், அவன் இப்ப கனடாவுல. டிரம் யூசுப், உக்கடத்துல இருந்து தினம் பஸ் ஏறி வருவான். நாலு பேருக்கும் ஒரே வயசு. நாங்க போட்டது ஒரே ஒரு கேசட்டு, பேரு ‘உப்புத்தண்ணி'. நாங்க வாசிச்ச மாதிரிப் பாட்டுக்கு ஆர்ட் ராக்குன்னு பேருங்கறதே போன வருஷம் கீர்த்தனா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

ஸ்டுடியோவுக்குக் குடுக்கக் காசு இல்லை. ஊர்லயே பதியலாம்னா எந்தச் சந்துல நின்னாலும் தறிச் சத்தம், ராத்திரி பகல் கிடையாது. அப்ப எனக்குத்தான் தோணுச்சு. மாசத்துல ஒரு நாள் கரண்டு ஆபீஸ்ல ஷட்டவுன்னு காலைல ஒம்பதுக்கு நிறுத்தி சாயங்காலம் அஞ்சுக்குத்தான் விடுவாங்க, அன்னைக்கு மட்டும் ஊரே ஊமையாயிடும். லாரி பேட்டரில இன்வெர்ட்டர் மாட்டி, ஜீவா மாமாவோட பழைய நூல் குடோன்ல உக்காந்துட்டோம். ஜீவா அண்ணன் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்த மிஷின் ஒண்ணு, கேசட்டுலயே நாலு லைன் தனித்தனியாப் பதியும். மூணு மாசம், மூணு ஷட்டவுன், அஞ்சு பாட்டு.

இன்னைக்குக் கேட்டாலும் எனக்குப் புல்லரிக்கும். முதல் பாட்டுல ஒரு நிமிஷம் ஒரே கிடார் கம்பிதான் டங்கு டங்குன்னு அடிச்சுட்டே இருக்கும், கேசட்டு சிக்கிக்கிச்சுன்னு திருப்பிக் குடுத்தவங்க உண்டு. அடுத்தது மில்லு கேட்டுல பூட்டுத் தொங்கற அன்னைக்கு டீக்கடையில நிக்கறவங்களைப் பத்தி, மொத்தப் பாட்டுலயும் ஆறே வார்த்தை. காதலும் கிடையாது, தத்துவமும் கிடையாது. எங்க தெருவு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கும் அந்தக் கேசட்டு. முந்நூறு போட்டோம், நாப்பது வித்துச்சோ என்னவோ. ஆனா அந்த மூணு நாள் மாதிரி நாள் என் வாழ்க்கையில அப்புறம் வரவே இல்லைங்க. குடோன் வாசல்ல உக்காந்து யூசுப் ஊட்டுல இருந்து வந்த நெய்ச்சோத்தை நாலு பேரும் ஒரே பாத்திரத்துல தின்னது இன்னும் கையில மணக்குது.

கடைசிப் பாட்டு ‘தண்ணி லாரி', பதினோரு நிமிஷம். அது யூசுப் கட்டின பாட்டு. காலிக்குடத்தை வரிசையில வெச்சுட்டு லாரிக்குக் காத்திருக்கறது. டிரம்மு மெதுவா ஆரம்பிச்சு, லாரி கிட்ட வர வர ஏறும், கடைசில லாரி அடுத்த தெருவுக்குப் போயிடும். மூணாவது ஷட்டவுன் அன்னைக்கு அதை எடுக்கும்போது மணி நாலரை தாண்டிருச்சு. பேட்டரி இறங்குது, அஞ்சுக்குக் கரண்டு வந்தா தறி ஓட ஆரம்பிச்சிடும், ஒரே தடவைதான் முடியும். “மணியா, சுருக்காப் போடு”ன்னு ஜீவா கத்தறான். பதட்டத்துல மூணு லைன் சுவிட்சைத்தான் போட்டேன். நாலாவதைப் போடலை. நாலாவதுதான் டிரம்மு.

ராத்திரி ஹெட்போன் வெச்சுக் கேட்டப்ப நாலாவது லைன்ல வெறும் ‘உஸ்'ஸுங்கற சத்தம்தான். காலைல ஜீவா கேட்டான், “எங்கடா டிரம்மு?” நான் என்ன சொன்னேன் தெரியுங்களா? “தான் வாசிச்சது யூசுப்புக்குப் புடிக்கலையாம், எடுத்துறச் சொன்னான்”னு வாய் கூசாமச் சொல்லிப்போட்டேன். கேசட்டு டிரம்மு இல்லாமயே வந்துச்சு. யூசுப் கேட்டுட்டு, ஜீவா தன்னை வெட்டிட்டான்னு நெனச்சான். ஒரு வார்த்தை கேக்கலை, வர்றதை நிறுத்திட்டான். ஜீவாவும் கேக்கலை. ரெண்டு பேருக்கும் அவ்வளவு ரோசம், அவ்வளவு மரியாதை. யாராவது ஒருத்தன் கேட்டிருந்தா நான் மாட்டியிருப்பேன். நான் மாட்டலை, பேண்டுதான் போச்சு.

அந்த மூலக் கேசட்டை அரிசி டிரம்முல வெச்சுப் பாதுகாத்தேன், மிஷினும் என்கிட்டயேதான் கெடந்துச்சு. வருஷம் ஒரு தடவை பொங்கல் கழிச்சு எடுத்து நாலாவது லைனை மட்டும் தனியாக் கேப்பேன். ஒருவேளை அன்னைக்கு நான் சரியாக் கேக்கலையோன்னு ஒரு நப்பாசை. இருபத்தாறு தடவையும் உஸ்ஸுதான். இதை நல்லா ஞாபகம் வெச்சுக்குங்க.

போன வருஷம் யாரோ அந்தக் கேசட்டை நெட்டுல ஏத்திவிட, எங்கெங்கயோ இருக்கற பசங்க ‘தண்ணி லாரி'யப் பாராட்டறாங்க, டிரம்மையே வாசிக்காம உக்காந்திருக்கறதுக்கு என்ன தில்லு வேணும்னு. எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க. கீர்த்தனா அதை ரெக்கார்டாப் போடறேன்னு வந்தாங்க. யூசுப் பங்குக்கு மும்தாஜ் கையெழுத்து வேணும். அந்த அம்மணி சொல்லிட்டாங்க: “எங்க ஊட்டுக்காரரு சாகற வரைக்கும் அந்தப் பாட்டைச் சொல்லிச் சொல்லி மருகினாரு. அவரை ஏன் வெட்டினாங்கன்னு ஜீவாண்ணன் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும், போட்டுத் தர்றேன்.”

நான் பண்ணின தப்புக்கு ஜீவா தலைகுனியணும். கீர்த்தனா எங்க மூணு பேரையும் ஸ்டுடியோவுக்கு வரச் சொன்ன அன்னைக்கு, சொல்லிறணும்னு முடிவு பண்ணி, சூலூர்ல பஸ் ஏறினதுல இருந்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்துட்டே போனேன்.

கீர்த்தனா நான் கொண்டு போன கேசட்டைப் போட்டு, அதே பழைய மிஷினைத் தட்டிவிட்டு ஒவ்வொரு லைனாத் திறந்தாங்க. கிடார். ஜீவா குரல், இருபத்தஞ்சு வயசுக் குரல், ஜீவா கீழ குனிஞ்சுட்டான். மார்ட்டின் கீபோர்டு. “நாலாவதுல ஒண்ணும் இருக்காதுங்க”ன்னு வாயத் திறந்தேன். அதுக்குள்ள அவங்க கை ஏத்திருச்சு.

டிரம்மு கேட்டுச்சு.

நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. காலிக்குடத்தை விரல்ல சுண்டற மாதிரி மெதுவா ஆரம்பிச்சு, ஏறி, ஏறி, அந்தப் பதினோரு நிமிஷமும். ஜீவா கண்ணுல தண்ணி. மும்தாஜ் முந்தானைய வாயில வெச்சுட்டு, “அவருதான், அவரேதான். எடது கை ஒவ்வொரு தடவையும் ஒரு துளி பிந்தி விழுகுது பாருங்க. டிபன் கேரியர்மேல தட்டினாலும் இப்படித்தான் தட்டுவாரு”ன்னாங்க.

பாட்டு முடிஞ்சதும் ஜீவா, “நான் வெட்டலைங்க. அவனே வேண்டாம்னுட்டான்னு இவன்தான் சொன்னான்”னு என்னைக் காட்டினான்.

நான் சொல்லிட்டேங்க. எல்லாத்தையும். சுவிட்சைப் போடலை, பொய் சொன்னேன், இந்த லைன்ல போன பொங்கல் வரைக்கும் ஒண்ணுமே இல்லை.

“என்னங்கண்ணா சொல்றீங்க? இவ்வளவு சுத்தமாப் பதிஞ்சிருக்குதே”ன்னாங்க கீர்த்தனா. ஜீவா என் தோளைப் புடிச்சு, “டேய், ஏற்கனவே பாதிப் பைத்தியம் நீ, முழுசா ஆயிறாத”ங்கறான். மும்தாஜ் என்ன பண்ணாங்க தெரியுங்களா, கையெடுத்துக் கும்பிட்டாங்க. “அண்ணா, எனக்கும் ஜீவாண்ணனுக்கும் ராசி பண்ணி வைக்கறதுக்குப் பழியத் தூக்கித் தலையில போட்டுக்கறீங்க. அவரு நல்லா வாசிச்சுப்போட்டு, அவரே வேண்டாம்னுட்டு, அப்புறம் அதை நெனச்சே மருகியிருக்காரு, அவருக்கு எதுதான் திருப்தி! ஜீவாண்ணா, இத்தனை வருஷம் உங்களைத் தப்பா நெனச்சுட்டேன்”னு சொல்லிக் கையெழுத்தும் போட்டாங்க. ரெண்டு பேரும் கூடப்பொறந்தவங்க மாதிரி உக்காந்து பேசிட்டிருந்தாங்க. நான் சொன்ன பொய்தான் நின்னுச்சு, நிஜத்தை வாங்கிக்க ஆளில்லை.

ரெக்கார்டு வந்துருச்சு, என் பேரும் அதுல இருக்குது. பழைய கேசட்டுல டிரம்மு இல்லாததே நல்லாயிருந்துச்சுன்னு பசங்க கீர்த்தனாகிட்டச் சண்டை போடறாங்க.

யாராவது கேட்டா, நாடா ஒட்டியிருந்திருக்கும், மிஷின் கோளாறா இருந்திருக்கும்னு நானே சொல்லிடுவேன். எனக்கு நானே சொல்லிக்கறதும் அதுதான். ஆனா அன்னைக்கு ஊருக்குத் திரும்பும்போது பஸ்ல ஒரு விஷயம் தட்டுச்சு, இன்னைக்கும் தூங்க விடமாட்டேங்குது. யூசுப் தன் கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி ஒண்டிப்புதூர்கிட்ட பைக்ல இருந்து விழுந்தான், எடது மணிக்கட்டு ஒடஞ்சு மாவுக்கட்டோடதான் மாப்பிள்ளையா உக்காந்திருந்தான்னு கேள்விப்பட்டேன். அந்தக் கை அதுக்கப்புறம் சரியாவே வரலை. மும்தாஜுக்குத் தெரிஞ்சது அந்தக் கைதான். நாங்க பாட்டு எடுத்தது அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி.

மிஷினையும் கேசட்டையும் கீர்த்தனாகிட்ட இருந்து திரும்ப வாங்கி வந்து நானே கேட்டுப் பாத்துட்டேங்க. அதே நாடால முன்னாடி இருக்கற நாலு பாட்டுலயும் ரெண்டு கையும் சரிசமமாத்தான் விழுகுது.