மாமா தட்டிப் பார்த்த பாய்லர்

மாமாவின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளும்படி அப்பா என்னிடம் சொன்னபோது எனக்கு எட்டு வயது. மாமா என்றால் அம்மாவின் அண்ணன். அவருக்குத் திருவரங்குளத்திலும் எங்களுக்குக் குளத்தூரிலும் நெல் அவிக்கும் மில் இருந்தது. தங்கச்சியைப் பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு அவர் எங்கள் மில்லை நோட்டம் விடுகிறார் என்பது அப்பாவின் தீராத சந்தேகம்.

அந்த வருஷம் சுற்றுவட்டார மில்காரர்களும் ஒரு இன்ஜினியரிங் கல்லூரியும் சேர்ந்து ஓர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். பழைய பாய்லர்கள் எவ்வளவு அழுத்தம் தாங்கும், எங்கே உடையும் என்று சோதித்து, சின்ன மில்களுக்கென்று பாதுகாப்பு விதிகள் எழுதுவது திட்டம். முதலில் எந்த பாய்லரைச் சோதிப்பது என்று கூட்டத்தில் கேட்டதும், மாமா எழுந்து எங்கள் மில்லைச் சொல்லிவிட்டார்.

"ஆராய்ச்சியாம். மில்லை மூட வைக்க ஒங்கண்ணன் போட்ட திட்டம்," என்று அப்பா அம்மாவிடம் பொருமினார். மறுத்தால் பாய்லர் பழுது என்று ஊரே பேசும். அதனால் மில்லை நிறுத்திவிட்டுச் சம்மதித்தார்.

சோதனையன்று காலை மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாய்லரைச் சுற்றி வந்தார். நான் பின்னாலேயே போனேன். ஓரிடத்தில் பைக் சாவியால் தட்டினார். வேறிடத்தில் தட்டினார். மறுபடி பழைய இடத்துக்கே வந்து காதை வைத்துக் கேட்டார். என்னைக் கண்டதும், "ஆத்தா, இங்கிட்டு நிக்காதே. அங்கிட்டுப் போய் அம்மாகிட்ட இரு" என்றார். எதையோ மறைக்கிறவர்தானே அப்படி விரட்டுவார்? நேராக அப்பாவிடம் ஓடினேன்.

அப்பா எல்லார் முன்னாலும் கேட்டார். "மச்சான், சாவியை வச்சு என்ன செஞ்சீங்க?"

"சத்தம் கேட்டேன், மாப்ளே."

"என்ன சத்தம்?"

அதற்குள் கல்லூரியிலிருந்து வந்த மேடம் குறுக்கே வந்து, எல்லாரையும் மதிலுக்குப் பின்னால் போகச் சொன்னார்.

பாய்லர் நிறையத் தண்ணீரை விட்டு பம்பால் அழுத்தினார்கள். தீபாவளி வெடியை எதிர்பார்த்து நான் காதைப் பொத்திக்கொண்டேன். நாங்கள் தினமும் ஓட்டுகிற அழுத்தத்தை மீட்டர் முள் தாண்டிய சற்று நேரத்தில் மந்தமாக ஒரு சத்தம். தண்ணீர் சீறி வந்து தரையில் ஓடியது. அவ்வளவுதான். எனக்கு ஏமாற்றமாகிவிட்டது.

"நீங்க தட்டுன எடம்தான்," என்று அப்பா மாமாவின் சட்டையைப் பிடித்தார்.

மேடம் அப்பாவுக்குக் கிழிந்த விளிம்பைக் காட்டினார். "சாவி தட்டி ஒடையிற தகடு இல்லைங்க இது. உள்ள துரு தின்னு அப்பளமாட்டம் ஆயிருச்சு. தண்ணிங்கிறதால ஊத்திட்டு நின்னுச்சு. ஆவியா இருந்தா, எதிர்ல யார் இருந்தாலும் மிஞ்ச மாட்டாங்க."

அப்பாவின் கை சட்டையை விட்டது. கிழிசலுக்கு நேர் எதிரே ஒரு சாக்கு நனைந்து கிடந்தது. அவிந்த நெல்லை இறக்கும்போதெல்லாம் அம்மா அதில் உட்கார்ந்துதான் ஆட்களுக்கு வேலை சொல்வாள்.

மாமா குனிந்து அந்தச் சாக்கை எடுத்துப் பிழிந்தார். சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் பைக்கை நோக்கி நடந்தார்.

கொடுத்த வேலையை நான் விடவில்லை. "அப்பா, மாமா நம்ம சாக்கை எடுத்துட்டுப் போறாரு."

"போகட்டும்," என்றார் அப்பா.

மாமா எங்கள் வாசலில் செருப்பைக் கோணலாகக் கழற்றிப் போட்டாலே சண்டைக்குப் போகிற அப்பா, ஒரு முழுச் சாக்கை எப்படி விட்டுக்கொடுத்தார் என்பது எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை.